நடுரோட்டில் வண்டி நின்றால்: ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சந்தா வடசென்னைக்காரருக்குத் தேவையா?

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது வரும், ஷோரூமில் சாவி வாங்கும்போது வரும், பேங்கிலிருந்து போன் செய்தும் கேட்பார்கள்: "ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்துக்கலாமா சார், வருஷத்துக்குக் கொஞ்சம்தான்." வண்டி வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்கையோ, நின்ற வண்டியை இழுத்துப்போகும் டோயிங் வண்டியையோ அனுப்பிவைக்கும் சேவை அது. கேட்டவுடனே சிலர் சரி என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேருமே தங்கள் வண்டி எந்தத் தெருவில், எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பார்த்து முடிவெடுப்பதில்லை.

இந்தச் சேவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கார் வைத்திருப்பவர்களின் சங்கங்களிலிருந்து வளர்ந்தது. அமெரிக்கச் சங்கம் 1902-லும் இங்கிலாந்துச் சங்கம் 1905-லும் தொடங்கின. அடுத்த ஒர்க்‌ஷாப் வெகுதூரத்தில், மெக்கானிக் கூலி மிக அதிகம் என்ற ஊர்களில் வருடச் சந்தா கட்டி வைப்பதில் அர்த்தம் இருந்தது. பெரம்பூரிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பகலில் பைக் நின்றால், தள்ளிக்கொண்டு போகும் தூரத்திலேயே ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கும். அதே ஆள் இரவு 11 மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றால் நிலைமை வேறு. ஆகவே வடசென்னை முழுக்கப் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. உங்களுக்கான பதிலை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஏற்கெனவே கையில் இருப்பதைத் தேடுங்கள்

புதிதாகப் பணம் கட்டுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஒரே சேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 'ஆட்-ஆன்' (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்ப்பவை) என்ற பகுதியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் அல்லது ஆர்.எஸ்.ஏ. என்று இருந்தால் அந்தச் சேவை உங்களுக்கு உண்டு. மற்றவர்களுக்கு நேரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் இருக்காது. இத்தகைய ஆட்-ஆன்கள் சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பாலிசியோடுதான் வரும். 

இங்கே பைக் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது பைக்கிற்கு 5 வருடமும் புது காருக்கு 3 வருடமும் தேர்ட் பார்ட்டி பாலிசியை மொத்தமாக எடுத்தாக வேண்டும். அதோடு சேர்த்துக் கொடுக்கும் சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரே வருடத்துக்குத்தான். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்து இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், ஆர்.எஸ்.ஏ. ஆட்-ஆனும் முதல் வருடத்தோடு போயிருக்கும். போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்டத் தேர்ட் பார்ட்டி இருக்கிறது என்பதால் இது யாருக்கும் தெரிவதில்லை. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் படியுங்கள்.

அடுத்து, வண்டி கம்பெனி. வாரண்டி காலத்தில் இலவச ரோட்சைடு உதவி தரும் கம்பெனிகள் பல உண்டு. சர்வீஸ் புத்தகத்திலோ கம்பெனியின் செயலியிலோ எத்தனை வருடம் என்று இருக்கும். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அதோடும் சேர்ந்து வந்திருக்கலாம். சில கிரெடிட் கார்டுகளிலும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் அதில் போன் செய்து ஆளை ஏற்பாடு செய்வது மட்டும் இலவசமா, செலவும் அவர்களுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

விபத்து என்றால் தனிக்கணக்கு. காருக்கான வழக்கமான முழு பாலிசி (தேர்ட் பார்ட்டியும் சொந்தச் சேதமும் சேர்ந்தது) வாசகத்தில், விபத்துக்குள்ளான வண்டியை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகும் செலவுக்கு 1,500 ரூபாய் வரையும், பைக் என்றால் 300 ரூபாய் வரையும் தரும் விதி உண்டு. இது பிரேக்டவுனுக்குப் பொருந்தாது. இன்றைய டோயிங் கட்டணத்துக்கு அந்தத் தொகை போதவும் போதாது. இருந்தாலும் உங்கள் பாலிசியில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண் இருக்கிறது. சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவை இருக்க வேண்டும். செங்குன்றம் தாண்டி நல்லூர் சுங்கச்சாவடி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கோ ஆந்திரப் பக்கமோ போகிறவர்கள் இதற்கும் சேர்த்துத்தான் சுங்கம் கட்டுகிறார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவதுதான் அவர்களுடைய முதல் வேலை. உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாநில அரசின் சாலை. அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் சுங்கச்சாவடிப் பலகையில் இருக்கும் உதவி எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வண்டி ஓடும் வழியை எழுதுங்கள்

ஒரு தாளில் கடந்த மாதம் வண்டி போன இடங்களை, போன நேரத்தோடு எழுதுங்கள். முடிவில் பாதி இங்கேயே வந்துவிடும்.

வடசென்னையில் மூன்று விதமான சாலைகள் இருக்கின்றன. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொளத்தூர் போன்ற குடியிருப்புப் பகுதிகள் முதல் விதம். இங்கே காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை பஞ்சர் கடை, பேட்டரிக் கடை, மெக்கானிக் ஷெட் எல்லாம் கைக்கெட்டும் தூரம். பைக் கிளம்பவே மாட்டேன் என்றால் மீன்பாடி வண்டியிலோ குட்டி யானையிலோ ஏற்றிவிடலாம். டோயிங் வண்டி வந்தாலும் பல தெருக்களுக்குள் நுழைய முடியாது. காரை மெயின் ரோடு வரை நான்கு பேர் தள்ளித்தான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட இடத்திலேயே ஓடும் வண்டிக்குச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் விதம் கன்டெய்னர் சாலைகள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி ஆயில் ரிஃபைனரி பக்கத்துச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மாதவரம் 200 அடி ரோடு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் மூன்றுக்கும் போகிற வருகிற லாரிகள் இந்த வழிகளில்தான். இங்கே பஞ்சர் அதிகம்: லாரிகளிலிருந்து விழும் ஆணி, போல்ட், இரும்புத் துண்டு எல்லாம் ஓரத்தில்தான் ஒதுங்கிக் கிடக்கும், பைக்குகளும் அந்த ஓரத்தில்தான் போகும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் லாரி வரிசை நின்றுவிட்டால் டோயிங் வண்டியே உங்களிடம் வந்துசேராது. 'சராசரியாக 45 நிமிடத்தில் வருவோம்' என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் இந்தச் சாலைகளுக்கு அந்தச் சராசரி செல்லாது.

இரவு நேரத்துக் கன்டெய்னர் சாலையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எண்ணூர், மணலி ஆலைகளில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், துறைமுக அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், எர்ணாவூருக்கும் காசிமேட்டுக்கும் நடுவே வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். கடலோரமாக நீளும் அந்தச் சாலையில் பகலில் இருக்கும் உதவி இரவில் இருக்காது. ரூபாய்க் கணக்கில் ஒத்துவராவிட்டாலும் இவர்கள் சந்தா எடுப்பதை ஆதரிப்பேன். ஒரு நிபந்தனை உண்டு: அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு உண்மையாகவே வருவார்களா என்று கேட்டு உறுதி செய்த பிறகு.

மூன்றாவது, ஊரைத் தாண்டும் நெடுஞ்சாலைகள். ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டிய பிறகு, பழவேற்காடு போகும் வழி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் போகும் நெடும்பயணம். பண்டிகை நாளில் நின்றால் மெக்கானிக்கும் ஊருக்குப் போயிருப்பார். வருடத்துக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு இப்படிப் போகும் கார் என்றால் ரோட்சைடு உதவி ஏதோ ஒரு வடிவில் கட்டாயம் இருக்கட்டும்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்தான் பலர் இந்தச் சந்தாவை வாங்குகிறார்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றால் எந்த டோயிங் வண்டியும் உள்ளே இறங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நகரமே முடங்கியது. அப்படி ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே நாளில் நின்றால் எந்தக் கம்பெனியிடமும் அத்தனை ஆட்கள் இருக்க மாட்டார்கள். பல திட்டங்களின் விதிகளில் வெள்ளம், புயல் காலத்துச் சேவை விலக்கப்பட்டும் இருக்கும். வெள்ளத்துக்கு ஏற்ற ஏற்பாடு வேறு: இன்சூரன்ஸில் 'என்ஜின் புரொடெக்‌ஷன்' ஆட்-ஆன், எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. 2024 அக்டோபர் எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்கள் சரியாகத்தான் யோசித்தார்கள். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, மெக்கானிக் சொன்னாலும் ஜம்ப் ஸ்டார்ட் போட விடக்கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும். சாதாரண பாலிசி அந்தச் செலவைத் தராது.

மூன்றாம் படி: எந்த வண்டி, எதனால் நிற்கும்?

பெட்ரோல் பைக், ஸ்கூட்டர் என்றால் பஞ்சர், பிளக், கிளட்ச் ஒயர், பேட்டரி ஆகியவற்றில்தான் பெரும்பாலும் நிற்கும். எல்லாமே தெருவோர மெக்கானிக் சரி செய்துவிடும் வேலை. ஊருக்குள் ஓடும் பெட்ரோல் பைக்கிற்குத் தனிச் சந்தா வேண்டாம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அப்படி இல்லை. சார்ஜ் தீர்ந்தாலும் கன்ட்ரோலர் போனாலும் பக்கத்து ஷெட்டில் கை வைக்க மாட்டார்கள். சர்வீஸ் சென்டருக்கு ஏற்றித்தான் போக வேண்டும். பின்னால் வருபவர் காலால் முட்டுக்கொடுத்துத் தள்ளிவரும் நம் ஊர் வழக்கமும் இதற்கு ஏற்றதல்ல. பின்சக்கரம் சுழலும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கக்கூடும் என்பதால் கம்பெனிகள் இழுத்துப்போக வேண்டாம் என்றே சொல்கின்றன. ஆகவே எலெக்ட்ரிக் வண்டிக்குக் கம்பெனியின் ரோட்சைடு திட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கார்களில் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் வர வேண்டும். சென்னை வெயிலில் கார் பேட்டரி பெரும்பாலும் மூன்று நான்கு வருடம் உழைக்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக்காற்று வேறு. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி நன்றாக இருந்தாலும் செல்ஃப் எடுக்காது. அதே காற்றில் வீல் நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும், ஸ்டெப்னி இருந்தும் டயர் கழற்ற வராது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் டெர்மினலைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவச் சொல்லுங்கள், நட்டுகளைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் சந்தாவைப் பயன்படுத்தும் வாய்ப்பே பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

ஆட்டோமேட்டிக் கார், ஆல்-வீல் டிரைவ் கார், எலெக்ட்ரிக் கார் என்றால் வண்டி முழுவதையும் மேலே ஏற்றிப்போகும் பிளாட்பெட் வேண்டும். என்ஜினோ மோட்டாரோ சுழற்றும் சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் கியர்பாக்ஸோ மோட்டாரோ கெட்டுவிடும். பிளாட்பெட் வாடகை அதிகம் என்பதால் இவர்களுக்குச் சந்தாவின் மதிப்பும் கூடுகிறது. சி.என்.ஜி. கார்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: எரிபொருள் தீர்ந்தால் கொண்டுவந்து தருவோம் என்ற வசதி பெட்ரோல், டீசலுக்குத்தான். கேஸைக் கொண்டுவர முடியாது. பங்க்குக்கு டோயிங் உண்டா என்று கேளுங்கள்.

வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டி, ஆட்டோ, குட்டி யானை ஆகியவற்றுக்குத் தனிநபர் திட்டம் செல்லாது. வெள்ளை போர்டு பைக்கில் உணவு டெலிவரியோ பைக் டாக்ஸியோ ஓட்டினாலும் அதைக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. மாதவரம் சுற்றுவட்டாரத்தில் லாரிப் பட்டறைகளும் கிரேன்களும் இருக்கின்றன. வணிக வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே ஒருவரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: கணக்கு

உங்கள் வழித்தடத்தில் மிக மோசமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக இரவு 10 மணிக்கு மணலி புதுநகர். அங்கிருந்து உங்கள் மெக்கானிக் இருக்கும் இடம் வரை காரைக் கொண்டுவர எவ்வளவு என்று இரண்டு டோயிங் வண்டிக்காரர்களிடம் போனில் கேளுங்கள். இன்றே கேளுங்கள்; அவசரத்தில் கேட்டால் விலை வேறாக இருக்கும்.

கேட்ட விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தா 1,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 1,180. அப்படியென்றால் இரண்டரை வருடத்துக்கு ஒரு முறையாவது டோயிங் தேவைப்பட்டால்தான் போட்ட பணம் திரும்பும். நன்றாகப் பராமரிக்கும் கார் அத்தனை முறை நிற்காது. இதுவே இன்சூரன்ஸ் ஆட்-ஆனாக 200 ரூபாய்க்குக் கிடைத்தால், 15 வருடத்துக்கு ஒரு டோயிங் போதும். ஒரே சேவை, எங்கே வாங்குகிறோம் என்பதில் கணக்கே மாறிவிடுகிறது. பஞ்சரையும் பேட்டரியையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றை உள்ளூரிலேயே குறைந்த செலவில் பார்த்துக்கொள்ளலாம்.

என் முடிவுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டியோடு இலவச உதவி ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டாதீர்கள். அது முடிந்து, முழு பாலிசி வைத்திருக்கும் கார் என்றால் ஆட்-ஆன் போதும். தனிச் சந்தா உண்மையிலேயே பயன்படுவது, தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்துக்கொண்டு பழைய காரை இன்னும் நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு. அவர்களுக்கு ஆட்-ஆன் கிடைக்காது, வண்டியும் நிற்கக்கூடிய வயது. சில திட்டங்களில் வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கிறது, அதை மட்டும் முதலில் பாருங்கள். தனியாகக் கார் ஓட்டும் வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பதும் நியாயமான செலவு. 70 வயது அப்பா ரோட்டில் ஜாக்கி போட வேண்டாம்.

ஐந்தாம் படி: விதிகளை வாசியுங்கள்

விளம்பரத்தில் 'இலவச டோயிங்' என்று இருக்கும். விதியில் அது இத்தனை கிலோமீட்டர் வரை, வருடத்துக்கு இத்தனை முறை என்று வரையறுக்கப்பட்டிருக்கும். எல்லைக்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம். அந்தத் தூரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று கேளுங்கள்: வண்டி நின்ற இடத்திலிருந்தா, டோயிங் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தா? திரும்பிப்போகும் தூரமும் சேருமா? அம்பத்தூரிலிருந்து கிளம்பி எண்ணூர் வந்து பெரம்பூரில் இறக்கினால், எண்ணும் முறையைப் பொறுத்துப் பில் தலைகீழாக மாறும்.

எங்கே இறக்குவார்கள் என்பதும் முக்கியம். "அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்" என்று இருந்தால், பதினைந்து வருடமாக உங்கள் வண்டியைப் பார்க்கும் கொடுங்கையூர் மெக்கானிக்கிடம் கொண்டுவிட மாட்டார்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இது கூடுதல் செலவில் கொண்டுபோய் நிறுத்தும்.

வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வருவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பேட்டரி இறங்குவது பெரும்பாலும் காலையில் வீட்டு முன்னால்தான். பஞ்சருக்கு உதவி என்றால் ஸ்டெப்னியை மாட்டிவிடுவது மட்டும்தானா, ஸ்டெப்னி இல்லாத காருக்கு என்ன செய்வார்கள்? எரிபொருள் கொண்டுவந்தால் அதன் விலை உங்களுடையது. பாகங்களின் விலையும் உங்களுடையது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறந்து தருவார்கள், சாவி செய்து தர மாட்டார்கள்.

சந்தா வண்டிக்கா, ஆளுக்கா? நம் ஊரில் பெரும்பாலும் வண்டியின் பதிவெண்ணுக்குத்தான். அண்ணன் எடுத்த சந்தாவில் தம்பி வண்டிக்கு உதவி கேட்க முடியாது. வண்டியை விற்றால் மாற்றித் தருவார்களா என்றும் பாருங்கள். பணம் கட்டியவுடனே சேவை தொடங்குவதில்லை, சில நாள் காத்திருப்பு வைக்கும் திட்டங்கள் உண்டு. வண்டி நின்ற பிறகு செயலியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ரீஇம்பர்ஸ்மென்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அவர்களால் ஆள் அனுப்ப முடியாவிட்டால் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு பணத்தைத் திரும்பப் பெறும் வசதி அது. முன் அனுமதியும் முறையான பில்லும் கேட்பார்கள். ரோட்டோர மெக்கானிக் பில் தர மாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்; கையெழுத்து, போன் எண், தேதியோடு ஒரு துண்டுச்சீட்டும், யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள்.

ஆறாம் படி: பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன்

விற்பனை எண்ணுக்கு அல்ல, பிரேக்டவுனுக்குக் கூப்பிடும் எண்ணுக்கு, இரவு 10 மணிக்கு மேல் போன் செய்யுங்கள். எடுக்க எவ்வளவு நேரமாகிறது? தமிழில் பேச ஆள் இருக்கிறாரா? "எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நின்றால் எந்த ஊரிலிருந்து வண்டி வரும்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் அந்தக் கம்பெனிக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது. "சென்னை முழுக்க சேவை இருக்கு சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் யோசியுங்கள். பக்கத்து வீட்டில், வேலை செய்யும் இடத்தில் யாராவது அந்தச் சேவையைப் பயன்படுத்தியிருந்தால், இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களைவிட அவர் சொல்வதை நம்புங்கள்.

ஏழாம் படி: சந்தா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செய்ய வேண்டியவை

போனில் மூன்று எண்கள் இருக்கட்டும்: உங்கள் மெக்கானிக், வீட்டுப் பக்கத்திலிருக்கும் ஒரு டோயிங் வண்டிக்காரர், நீங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு பஞ்சர் கடை. பாலிசியில் அச்சிட்டிருக்கும் உதவி எண்ணையும் இப்போதே சேமியுங்கள். வண்டி நின்ற பிறகு இணையத்தில் தேடினால் போலி உதவி எண்கள் மாட்டும். லிங்க் அனுப்பிப் பத்து ரூபாய் கட்டச் சொல்லிக் கணக்கையே காலி செய்யும் கூட்டம் இருக்கிறது. உண்மையான உதவி மையம் ஓ.டி.பி. கேட்டு உங்கள் வங்கிக் கணக்கைத் தொடாது.

கார் டிக்கியில் காற்று உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், டார்ச், ஜம்ப் கேபிள். கேபிள் மாட்டும் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்: சிவப்பின் ஒரு முனை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை நின்ற வண்டி என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பேட்டரி வீங்கியோ ஒழுகியோ இருந்தால் தொடாதீர்கள். எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் கம்பெனிப் புத்தகம் சொல்வதைத் தவிர எதையும் செய்ய வேண்டாம்.

எட்டாம் படி: நின்றுவிட்ட அந்த நேரத்தில்

கன்டெய்னர் சாலையில் முதல் வேலை போன் செய்வதல்ல, ஓரம் போவது. ஹஸார்டு விளக்கைப் போட்டு, முடிந்தவரை இடதுபுறம் ஒதுக்கி, வண்டிக்கு வெகுபின்னால் முக்கோணத்தை வையுங்கள். லாரி டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும். பிறகு எல்லோரும் இறங்கி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108, பாதுகாப்பு பயம் என்றால் 112. ரோட்சைடு உதவியெல்லாம் அதற்குப் பிறகு.

இடத்தைச் சொல்லும்போது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள், வாயாலும் சொல்லுங்கள். கால் சென்டரில் இருப்பவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். திருவொற்றியூர் டோல்கேட் என்றால் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி என்று எடுத்துக்கொள்வார். காந்தி நகர், நேரு நகர் என்றால் சென்னையில் எத்தனையோ இருக்கின்றன. பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன், மேம்பாலம், பெட்ரோல் பங்க் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அழைப்பைப் பதிந்து தரும் சர்வீஸ் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் டிரைவரின் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வருபவர் அந்தச் சர்வீஸ் எண்ணைச் சொன்ன பிறகே சாவியைக் கொடுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் டோயிங் வண்டியில் ஏற்றாதீர்கள். 

காரை ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், மீட்டரையும் போட்டோ எடுங்கள். எங்கே இறக்குவது, கூடுதலாக எவ்வளவு என்பதைக் கொக்கி மாட்டும் முன்பே பேசுங்கள். விபத்து என்றால் ஏற்றும் முன்னரே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்பின் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வராமல் போனால்

அழைத்த நேரம், சர்வீஸ் எண், வந்த குறுஞ்செய்திகள், நீங்களாகச் செய்த செலவின் சான்று எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேவை இன்சூரன்ஸ் ஆட்-ஆனாக வந்தது என்றால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. பிறகு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளம் அல்லது 155255 என்ற எண். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. தனியாக வாங்கிய சந்தா என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது, வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.